உப்பு வேறு... பாஸ்பேட் வேறு!

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நான்கு, வேறு வேறு மாவட்டங்களில் இருந்து வந்திருந்தாலும், ஒரே சொல்லைச் சுற்றித்தான் இருக்கின்றன. ‘உப்பு’ என்பதுதான் அந்தச் சொல். குழம்பில் போடுவதும் உப்பு. யூரியாவும் டி.ஏ.பி-யும் ஊர்ப் பேச்சில் ‘உப்பு உரம்’. வயலில் வெள்ளையாகப் பூப்பதும் உப்பு. மாட்டுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது தாது உப்பு. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டால், நட்டம் தொழுவத்திலும் தெரியும், களத்திலும் தெரியும். ஆகவே, நான்கு கேள்விகளுக்கும் இங்கே சேர்த்தே பதில் தரப்படுகிறது.

“எங்கள் கலப்பினப் பசு கன்று போட்டு ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் பருவத்துக்கு வரவில்லை. மண்ணைத் தின்கிறது, கயிற்றைக் கடிக்கிறது. ஒரு நாள் எலும்புத் துண்டை மென்றுகொண்டு இருந்தது. கால்நடை மருத்துவர் தாது உப்பு கொடுக்கச் சொன்னார். தினமும் தொட்டித் தண்ணீரில் ஒரு கை கல் உப்பு போடுகிறோமே, அது போதாதா?”

– வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

போதாது. கல் உப்பும் தாது உப்பும் பெயரில்தான் உறவு. கல் உப்பில் இருப்பவை இரண்டே பொருட்கள்: சோடியம், குளோரைடு. மாட்டுக்கு இரண்டும் தேவைதான். தீனி எடுக்கவும், தண்ணீர் குடிக்கவும், உடம்பின் நீர்ச்சத்து சமநிலையில் இருக்கவும் அவை உதவும். ஆனால், எலும்பைக் கட்டுவதும், பாலில் இறங்குவதும், சினைப்பிடிப்புக்குத் துணை நிற்பதும் கால்சியம், பாஸ்பரஸ் முதலான தாதுக்கள். கல் உப்பில் அவை கிடையாது. தாது உப்புக் கலவையில் இருப்பவை அவைதான். அதில் பாஸ்பரஸ் பெரும்பாலும் ‘டை கால்சியம் பாஸ்பேட்’ என்ற வடிவில் சேர்க்கப்படுகிறது. கூடவே மக்னீசியம், துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, அயோடின், கோபால்ட் போன்றவையும் சிறிதளவு இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 0.9 கிராம் பாஸ்பரஸும், 1.2 கிராம் கால்சியமும் இருக்கின்றன. நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் பசு, பால் வழியாக மட்டும் 9 கிராம் பாஸ்பரஸையும் 12 கிராம் கால்சியத்தையும் வெளியே அனுப்புகிறது. 50 கிராம் கல் உப்பு கொடுத்தால், அதில் மாட்டுக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் பூஜ்யம். 12 சதவிகிதம் பாஸ்பரஸ் உள்ள தாது உப்புக் கலவையை 50 கிராம் கொடுத்தால், 6 கிராம் கிடைக்கும். மீதியைத் தவிடும் பிண்ணாக்கும் ஈடுகட்டும்.

தீவனத்தைப் பொறுத்தும் இது மாறும். வெறும் வைக்கோலையும் காய்ந்த புல்லையும் தின்கிற மாட்டுக்குப் பாஸ்பரஸ் பற்றாக்குறை சீக்கிரம் வரும். ஒரு கிலோ நெல் வைக்கோலில் ஒரு கிராம் பாஸ்பரஸ் இருந்தாலே அதிகம். கோதுமைத் தவிட்டிலும் அரிசித் தவிட்டிலும் கிலோவுக்குச் சுமார் 10 கிராமும் அதற்கு மேலும் உண்டு. ஆனால், தவிட்டில் கால்சியம் மிகக் குறைவு. அதனால் தவிட்டை மட்டும் கூட்டிக் கொடுப்பதும் சரியான தீர்வு ஆகாது. இரண்டையும் தேவையான அளவில் சேர்த்துத் தருவது தாது உப்புக் கலவைதான்.

சாப்பாட்டு உப்பு கூடினால், கூடியது சிறுநீரில் வெளியேறிவிடும். குடிக்கப் போதுமான தண்ணீர் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. பாஸ்பேட்டின் கதை வேறு. உடம்பில் உள்ள பாஸ்பரஸில் சுமார் 80 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. தீவனத்தில் வராதபோது, மாடு தன் எலும்பைக் கரைத்துப் பாலுக்குக் கொடுக்கும். அதனால்தான் பல மாதங்கள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு தீனி குறையும், மாடு மெலியும், பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். மண், துணி, எலும்பு என்று கண்டதைக் கடிக்கும்.

எலும்பு கடிப்பதை வேடிக்கையாக விட்டுவிடக் கூடாது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவில், மேய்ச்சலுக்குப் போன மாடுகள் கால் இழுத்துப் படுத்துக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆர்னால்ட் தெய்லர் என்ற கால்நடை விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே மண்ணிலும் புல்லிலும் பாஸ்பரஸ் குறைவு. அதனால் மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைத் தேடித் தின்றன. அந்த எலும்பில் ஒட்டியிருந்த அழுகல் சதையில் உருவான, ‘பொட்டுலிசம்’ என்ற நோயை உண்டாக்கும் நஞ்சு அவற்றைக் கொன்றது. எலும்புத் தூள் வடிவில் பாஸ்பேட் கொடுத்தபோது மாடுகள் எலும்பைத் தேடுவது குறைந்தது, சாவும் குறைந்தது. ஆகவே, தொழுவத்தைச் சுற்றியும் மேய்ச்சல் இடத்திலும் கிடக்கும் எலும்புகளை உடனே பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை:

கறவை மாட்டுக்குத் தினமும் பொதுவாக 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையை அடர்தீவனத்தில் கலந்து கொடுக்கலாம். பால் அதிகமாகக் கறக்கும் மாட்டுக்கு மருத்துவர் கூடுதலாகச் சொன்னால், அந்த அளவைப் பின்பற்றவும். வீட்டிலேயே தீவனம் அரைப்பவர்கள் 100 கிலோவுக்குத் தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதா உப்பு 1 கிலோ என்று சேர்த்துக்கொள்ளலாம். கடையில் உப்பு சேர்த்த கலவை, உப்பு சேர்க்காத கலவை என்று இரண்டு வகை உண்டு. பையைப் படித்துப் பார்த்து, உப்பு சேர்த்தது என்றால் தனியாகப் போடும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பருவத்துக்கு வராததற்குக் கருப்பைக் கோளாறு, குடற்புழு, தீவனப் பற்றாக்குறை என்று வேறு காரணங்களும் உண்டு. ஐந்து மாதம் ஆகிவிட்டதால், தாது உப்பைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்காமல் சினைப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது. கன்று ஈன்ற சில வாரங்களில் மாடோ எருமையோ காப்பி நிறத்திலோ சிவப்பாகவோ சிறுநீர் கழித்தால், அது கடுமையான பாஸ்பரஸ் குறைபாடாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ‘மாட்டுக்கு பாஸ்பேட் வேண்டும்’ என்று கேள்விப்பட்டு, உரக்கடைச் சரக்கைக் கையில் எடுத்துவிடக் கூடாது. தீவனத்துக்கு உரியது டி.சி.பி., அதாவது டை கால்சியம் பாஸ்பேட். வயலுக்கு உரியது டி.ஏ.பி., அதாவது டை அம்மோனியம் பாஸ்பேட். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால், டி.ஏ.பி. மாட்டின் வயிற்றில் போனால் அம்மோனியா நஞ்சாகும். சூப்பர் பாஸ்பேட்டிலும் பாறை பாஸ்பேட்டிலும் உள்ள ஃபுளோரின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். டி.சி.பி-யிலும் தீவனத்துக்கு என்று அச்சிட்டதை மட்டுமே வாங்க வேண்டும். உரம் கரைத்த வாளியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், காலி உரச்சாக்கைத் தொழுவத்தில் விரிப்பதும் கூடாது.

“மண்வள அட்டையில் ‘உப்பின் நிலை 0.4 – நல்லது’ என்று இருக்கிறது. அதே அட்டையில் ‘மணிச்சத்து 38 கிலோ – அதிகம்’ என்றும் இருக்கிறது. பாஸ்பேட்டும் ஓர் உப்புதான் என்று பள்ளியில் படித்த மகள் சொல்கிறாள். அப்படியானால் உப்பு குறைவு, பாஸ்பேட் அதிகம் என்பது எப்படிச் சரியாகும்?”

– வாசகர், திருவாரூர் மாவட்டம்.

மகள் சொல்வதும் சரி. அட்டை சொல்வதும் சரி. வேதியியல் பாடத்தில், அமிலமும் காரமும் சேர்ந்தால் கிடைப்பது உப்பு. சோறு வடிக்கும்போது போடும் சோடியம் குளோரைடு அந்தக் குடும்பத்தில் ஒன்று. அதனால் பாடத்தில் ‘உப்பு’ என்பது ‘கால்நடை’ என்ற சொல்லைப் போலப் பொதுப்பெயர். பசுவும் கால்நடை, வெள்ளாடும் கால்நடை. அதற்காக வெள்ளாட்டைப் பசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பாஸ்பேட் என்பது தனி உப்பின் முழுப்பெயர்கூட இல்லை, பாதிப்பெயர். ஒரு பாஸ்பரஸும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு கூட்டுக்குத்தான் அந்தப் பெயர். அது கால்சியத்தோடு சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட். அம்மோனியத்தோடு சேர்ந்தால் அம்மோனியம் பாஸ்பேட். இவை உப்புகள்தான். அதே பாஸ்பேட் கூட்டு, விதைக்குள்ளும் உயிரணுவின் மரபுப் பொருளுக்குள்ளும் பெரிய மூலக்கூறுகளில் ஒரு கண்ணியாகவும் இருக்கிறது. அங்கே அதை உப்பு என்று சொல்வதில்லை.

மண்வள அட்டையோ ‘உப்பு’ என்ற சொல்லை இன்னொரு பொருளில் எடுத்துக்கொள்கிறது. மண்ணைத் தண்ணீரில் கலக்கி, அந்தத் தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று ஆய்வகத்தில் அளக்கிறார்கள். தண்ணீரில் கரைந்த உப்புகள் கூடக் கூட மின்கடத்தலும் கூடும். இந்த அளவு 1-க்குக் கீழே இருந்தால் நல்லது. 1 முதல் 3 வரை இருந்தால் முளைப்பில் கவனம் தேவை. 3-க்கு மேல் போனால் பயிருக்குக் கெடுதல். ஆக, அட்டையில் ‘உப்பு’ என்றால், வேர் தண்ணீர் உறிஞ்சுவதைத் தடுக்கிற, கரைந்து கிடக்கும் உப்புகளின் மொத்தம்.

மணிச்சத்தை அளப்பது வேறு முறை. மண்ணை ஒரு கரைசலில் குலுக்கி, வெளிவரும் பாஸ்பேட்டுக்கு நீல நிறம் ஏற்றி, நிறத்தின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 11 முதல் 22 வரை மத்திமம், 22-க்கு மேல் அதிகம். அந்தக் கணக்கில் 38 என்பது தாராளம்.

இரண்டும் ஏன் சேர்ந்து கூடுவதில்லை? சோடியம் குளோரைடு தண்ணீர் போகும் பக்கமெல்லாம் போகும். பாஸ்பேட் அப்படிப் போகாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியத்தோடும், புளிப்பு மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் பிடித்துக்கொண்டு போட்ட இடத்திலேயே நின்றுவிடும். அதனால் மின்கடத்தும் அளவில் அது அதிகம் தெரியாது. வருடா வருடம் பயிர் எடுத்தது போக மீதி மண்ணிலேயே சேரும். போகத்துக்குப் போகம் கணக்குப் பார்க்காமல் டி.ஏ.பி. போடும் நிலங்களில் ‘அதிகம்’ என்று வருவது இதனால்தான்.

அட்டையில் அப்படி வந்தால் நல்ல சேதி. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றின் விலை 1,350 ரூபாய். அட்டையின் பரிந்துரைப்படி மணிச்சத்தைக் குறைத்தால் அந்தப் பணம் கையில் நிற்கும். டி.ஏ.பி-யைக் குறைத்தால் அதிலிருந்து வரும் தழைச்சத்தும் குறையும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு மூட்டைக்கு 9 கிலோ தழைச்சத்து உண்டு. அதை யூரியாவில் ஈடுகட்டலாம். விதை நேர்த்தியில் பாஸ்போ பாக்டீரியா சேர்த்தால், மண்ணில் பிடித்துக் கிடக்கும் பாஸ்பேட்டில் ஒரு பகுதி பயிருக்குக் கிடைக்கும். பாஸ்பேட் மிகுந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறையும். நெல் நட்ட சில வாரங்களில் இலையில் துருப்பிடித்ததுபோல் புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றால், ‘மணிச்சத்து போதவில்லை’ என்று மறுபடியும் டி.ஏ.பி. போடாமல், துத்தநாகக் குறையா என்று முதலில் பாருங்கள்.

“வயலில் வெள்ளையாக உப்பு பூக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டை இரண்டு மடங்காகப் போட்டால் உப்பு முறிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?”

– வாசகர், திருச்சி மாவட்டம்.

இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஏமாறவும் வாய்ப்பு இருக்கிறது. பாறை பாஸ்பேட் அப்படியே போட்டால் எல்லா மண்ணிலும் கரையாது. அதைக் கந்தக அமிலத்தில் சேர்த்துக் கரையும்படி ஆக்கியதுதான் சூப்பர் பாஸ்பேட். 1842-ல் இங்கிலாந்தில் ஜான் லாஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906-ல் ராணிப்பேட்டையில் வந்தது. அமிலம் சேரும்போது மணிச்சத்தோடு ஜிப்சமும் உண்டாகிறது. மூட்டையில் பாதிக்கு நெருக்கமாக அந்த ஜிப்சம்தான். களர் நிலத்தைத் திருத்துவது ஜிப்சம் என்பதால், ‘சூப்பர் போட்டால் உப்பு முறியும்’ என்ற பேச்சு கிளம்பியது.

ஆனால், அளவைப் பாருங்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து வேண்டுமானால் 125 கிலோ சூப்பர் பாஸ்பேட் போடுகிறோம். அதில் வரும் ஜிப்சம் சுமார் 60 கிலோ. களர் நிலத்துக்குத் தேவைப்படுவதோ டன் கணக்கில். சூப்பர் பாஸ்பேட்டை இரண்டு மடங்காகப் போட்டாலும் அந்த அளவு வராது; தேவையில்லாத மணிச்சத்துக்குத்தான் பணம் போகும். ஜிப்சம் வேண்டும் என்றால் ஜிப்சத்தையே வாங்க வேண்டும்.

அதற்கும் முன்பு, நிலம் உவரா களரா என்று தெரிய வேண்டும். உவர் நிலத்தில் கரைந்த உப்புதான் தொல்லை. வெயில் காலத்தில் மேலே வெள்ளையாகப் பூக்கும். அங்கே மருந்து, நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். சிறு பாத்தி கட்டி, மழைநீரையோ ஆற்றுநீரையோ தேக்கி, உப்பைக் கரைத்துக் கீழே இறக்கி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் இறங்கிய உப்பு மறுபடியும் மேலே ஏறிவரும். களர் நிலத்தில் கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும். சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். தண்ணீர் இறங்காமல் கலங்கி நிற்கும். அங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. அதன் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெளியேறிய சோடியத்தைத் தண்ணீரோடு வடித்துவிட வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டு வாங்கலாம். அதோடு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், களருக்காகத் திருச்சி வேளாண் கல்லூரியில் இருந்து வந்த டி.ஆர்.ஒய். வகை நெல்லை எடுப்பதும் கைகொடுக்கும்.

உப்பு பூக்கும் நிலத்தில் உரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஊரில் எல்லாவற்றையும் ‘உப்பு உரம்’ என்று சொன்னாலும், மண்ணில் உப்புத்தன்மையைக் கூட்டுவதில் அவை சமம் இல்லை. சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்துக் கணக்கிடும் உப்புக் குறியீட்டில், மூரேட் ஆப் பொட்டாஷ் 116, யூரியா 75, டி.ஏ.பி. சுமார் 30, சூப்பர் பாஸ்பேட் 8. உவர் நிலத்தில் சாம்பல் சத்துக்கு மூரேட்டை விட, 46 என்ற குறியீடு உள்ள சல்பேட் ஆப் பொட்டாஷ் பாதுகாப்பு. விலை கூடுதல் என்பதால், வடிகாலைச் சரிசெய்த பிறகு அளவைப் பிரித்துப் போடலாம்.

“தென்னைக்கு ஆண்டுக்கு ஒரு முறை கல் உப்பு வைக்கிறோம். காய்ப்பும் இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டை நிறுத்திவிடலாமா?”

– வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்.

உப்பை வைத்துப் பாஸ்பேட்டை நிறுத்த முடியாது. தென்னைக்குக் குளோரைடு தேவை என்பது உண்மை. மற்றப் பயிர்கள் தாங்காத உப்பைத் தென்னை தாங்கும் என்பதும் உண்மை. செம்புறை மண்ணில் கன்று நடும் குழியில் முன்கூட்டியே உப்பிட்டு மண்ணை இளகவைக்கும் பழக்கமும் உண்டு. ஆனால், வேர் விடவும் பாளை வைக்கவும் தேவையான மணிச்சத்து கல் உப்பில் துளியும் இல்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரத்துக்குப் பொதுப் பரிந்துரை, ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ மூரேட் ஆப் பொட்டாஷ். இதை இரண்டு தவணையாகப் பிரித்து, தொழு உரத்தோடு வட்டப் பாத்தியில் போட வேண்டும். மூரேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அந்த 2 கிலோவில் ஏறக்குறைய ஒரு கிலோ குளோரைடு வந்துவிடுகிறது. ஆகவே, பொட்டாஷ் போடும் தோப்பில் தனியாகக் கல் உப்பு தேவைப்படாது. கிணற்று நீரே சப்பென்று இருந்தால் கல் உப்பை அறவே தவிர்க்கலாம். ஊடுபயிர் இருந்தால் அதுதான் முதலில் அடிபடும். சூப்பர் பாஸ்பேட்டைக் குறைக்கலாமா என்பதை மண்வள அட்டையில் உள்ள மணிச்சத்து வரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கவனத்துக்கு...

* மாட்டுக்குக் கல் உப்பும் வேண்டும், தாது உப்பும் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

* டி.சி.பி. தீவனத்துக்கு. டி.ஏ.பி. வயலுக்கு. மாற்றிவிடக் கூடாது.

* மண்வள அட்டையில் உப்பின் நிலை ஒரு வரி, மணிச்சத்து இன்னொரு வரி. இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

* உப்பைத் தண்ணீரால் வடிக்கலாம். பாஸ்பேட்டை வடிக்க முடியாது. அதனால் அளந்து போடுவதே வழி.